மாறிவரும் பருவத்தில் குளத்து மீனும் கடல் மீனும்: நெல்லைச் சீமைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நெல்லைச் சீமையின் மீன் தொழில் இரண்டு தண்ணீரை நம்பியது. ஒன்று, தாமிரபரணியும் மணிமுத்தாறும் சிற்றாறும் நம்பியாறும் நிரப்புகிற குளத்துத் தண்ணீர். மற்றொன்று, கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, உவரி, கூடுதாழை என்று தொடங்கி மணப்பாடு, புன்னைக்காயல் வரை நீளும் கரையின் கடல் தண்ணீர். பின்னால் சொன்ன இரண்டு ஊர்களும் 1986இல் மாவட்டம் பிரிந்தபோது தூத்துக்குடியோடு சேர்ந்துவிட்டன என்றாலும், காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டமும்) அந்த எல்லைக்கோட்டைப் பொருட்படுத்துவதில்லை என்பதால் அவற்றையும் இங்கே சேர்த்தே பேசுகிறேன்.

இரண்டு தண்ணீருக்கும் பெரியவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஐப்பசியில் மழை பிடிக்கும், கார்த்திகையில் குளம் பெருகும், மறுகாலில் உபரி நீர் வழிவது நின்றதும் குஞ்சு விடலாம், பங்குனிக்கும் வைகாசிக்கும் இடையில் தண்ணீர் வற்றும்போது மீன் பிடிக்கலாம். கடலில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் மாதம் ஒரு வலை, வாடைக்காற்று அடிக்கும் மாதம் வேறொரு வலை. இந்தக் கணக்கு இன்னும் முழுவதும் பொய்க்கவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் பணம் போடுகிற காலம் போய்விட்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்தப் பகுதியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையைவிட அது அதிகம். கடலைப் பொறுத்தவரை, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையில் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது. உலகக் கடல்களின் சராசரி உயர்வைவிட இது கூடுதல்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கருத்தைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. தேதியைப் பார்த்து எடுத்துவந்த முடிவுகளை இனி அளவைப் பார்த்து எடுக்க வேண்டும். எந்த அளவை, எப்போது, எப்படிப் பார்ப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். நான் குத்தகைக் குளத்திலும் சொந்தக் குட்டையிலும் மீன் வளர்ப்பவன் என்பதால் குளத்தைப் பற்றி விரிவாகவும், கடலைப் பற்றி உறவினர்களோடு வள்ளத்தில் போய்வந்த அனுபவத்தின் அளவுக்கும் எழுதுகிறேன்.

படி 1: அளக்கத் தொடங்குங்கள்

முதல் செலவு குஞ்சுக்கோ தீவனத்துக்கோ ஆக வேண்டாம். ஒரு நீர் வெப்பமானி, தண்ணீரின் அமில, காரத் தன்மையை, அதாவது பி.எச். அளவைப் பார்க்கும் கருவி அல்லது தாள், கரைந்த ஆக்சிஜனைச் சொட்டு மருந்து ஊற்றி நிறம் பார்த்துக் கணக்கிடும் சோதனைப் பெட்டி, கறுப்பும் வெள்ளையும் பூசிய ஒரு வட்டத் தட்டு ஆகிய நான்கும் போதும். தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைப் பார்க்க வேண்டும். 30 முதல் 40 சென்டிமீட்டருக்குள் மறைந்தால் பாசிச்சத்து அளவாக இருக்கிறது. 20க்குள்ளேயே மறைந்தால், பகலில் பச்சையாகச் செழித்திருக்கும் அந்தத் தண்ணீரில் பாசியே இரவில் ஆக்சிஜனை உண்டுவிடுவதால், விடியற்காலையில் அது மீனைக் கொல்லக்கூடும்.

இவற்றோடு, மடைக்குப் பக்கத்தில் ஒரு பனங்கம்பை நட்டு அரை அடிக்கு ஒரு கோடு வெட்டிவிடுங்கள். என் குட்டையில் நட்ட கம்பில் மூன்றரை அடிக் கோட்டுக்கு மட்டும் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறேன். கோடையில் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொடும் அன்றே முதல் பிடிப்புக்கு ஆள் சொல்லிவிடுவது என் வழக்கம். அன்று பங்குனி மாதமா, மாசி மாதமா என்று பார்ப்பதில்லை. விடியும் முன் ஒரு முறையும் மாலை நான்கு மணிக்கு ஒரு முறையும் எடுத்த அளவுகளை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். என்னிடம் உள்ள நோட்டு 2024 ஜனவரியில் தொடங்குகிறது. ஓர் ஆண்டு முடிந்ததும், பஞ்சாங்கம் சொல்லாத பலவற்றை அந்த நோட்டு சொல்லும்.

படி 2: தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்பதைக் கொண்டு மீனைத் தேர்ந்தெடுங்கள்

குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையான மீன்பாசி குத்தகை பெரும்பாலும் பசலி ஆண்டுக் கணக்கில், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை விடப்படுகிறது. தண்ணீரோ அந்தக் கணக்கில் நிற்பதில்லை. மானாவாரிக் குளங்களில் ஐந்து மாதம் நின்றால் பெரிது. ஆற்றுக்கால் பாசனக் குளங்களில் கார் சாகுபடிக்கும் தண்ணீர் திறந்துவிட்டால் எட்டு, ஒன்பது மாதம் கிடைக்கும். ஏலத்தில் கை தூக்குவதற்கு முன், கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்தக் குளம் எந்த மாதம் நிரம்பியது, எந்த மாதம் வற்றியது என்று ஆயக்கட்டு விவசாயிகளிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தில் மோசமான இரண்டு ஆண்டுகளைக் கொண்டு தொகையைக் கணக்கிடுங்கள். நல்ல ஆண்டை மனத்தில் வைத்து ஏலம் கேட்டவர்கள் பலர் கடனோடு எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் நிற்கும் காலம் குறைவாக இருந்தால், விரல் நீளக் குஞ்சை விட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த குஞ்சையே விட வேண்டும். அதை வெளியில் வாங்கினால் விலை கட்டுப்படியாகாது என்பதால், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உள்ள ஒரு சிறிய குட்டையில் நுண்குஞ்சை ஆடி, ஆவணியிலேயே வாங்கி விட்டு, நெருக்கமாக வளர்த்து வைத்திருந்து, பெரிய குளம் நிரம்பி மறுகால் நின்ற பிறகு மாற்றுவது நல்லது. மழை பிந்தினாலும் குஞ்சு வளர்ந்துகொண்டேயிருக்கும். பருவம் தவறும் ஆண்டுகளில் நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு இந்தச் சின்னக் குட்டைதான் என்பது என் முடிவு.

இனங்களைப் பொறுத்தவரை, மேல்மட்டத்தில் மேயும் கட்லா நான்கு, நடுமட்டத்து ரோகு மூன்று, அடிமட்டத்து மிர்கால் மூன்று என்ற பழைய விகிதம் ஆழமான தண்ணீருக்குப் பொருந்தும். தண்ணீர் ஐந்து அடிக்குக் கீழே போகும் குளத்தில் மட்டங்களே இல்லாமல் போவதால் கட்லாவைக் குறைத்து ரோகுவைக் கூட்டுங்கள். தீவனம் போட்டு வளர்க்கும் குட்டைக்கு ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 வரை குஞ்சு விடலாம் என்று சொல்வார்கள். கோடையைத் தாண்ட வேண்டியிருந்தால் கீழ் எண்ணை ஒட்டியே நில்லுங்கள். விரால் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிப்பதால் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும், சந்தையில் விலையும் உண்டு; ஆனால் குஞ்சுக்குத் தீவனம் பழக்குவது பொறுமையான வேலை. ஆப்பிரிக்கக் கெளுத்தி எதையும் தாங்கும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அதை வளர்க்க நாட்டில் தடை இருக்கிறது. வெள்ளத்தில் தப்பி ஆற்றுக்குப் போனால் அயிரையும் ஆரலும் மிஞ்சாது.

படி 3: வெள்ளத்துக்குக் கரையைத் தயார்செய்யுங்கள்

இந்த வேலை புரட்டாசிக்குள் முடிய வேண்டும். சொந்தக் குட்டையாக இருந்தால், நீங்கள் பார்த்த அதிகபட்ச நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது இரண்டடியாவது கரை உயர்ந்திருக்க வேண்டும். கரைச்சரிவில் வெட்டிவேரோ அறுகோ நட்டு மண்ணைப் பிடித்து வையுங்கள். கோடையில் வண்டல் எடுத்து ஆழப்படுத்துவது வெள்ளத்துக்கும் உதவும், வெயிலுக்கும் உதவும். பொதுக்குளத்தில் வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி வாங்குவது கட்டாயம்.

மறுகாலில் வலை கட்டுவதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். கண்ணி சிறிய வலையை நேர்குறுக்காக இழுத்துக் கட்டினால் முதல் மணி நேரத்திலேயே சருகும் ஆகாயத்தாமரையும் வந்து அடைத்துக்கொள்ளும்; தண்ணீர் வடியாமல் கரையை உடைக்கும். அதனால் குளம் முழுவதும் போகும், ஊரும் பாதிக்கப்படும். வலையை வளைவாக, மறுகாலின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு நீளத்துக்கு, மூங்கில் கழிகளை நட்டு உள்பக்கம் தள்ளிக் கட்டுங்கள். அதற்கும் முன்னால் குப்பையைத் தடுக்க ஒரு பெரிய கண்ணி வலை இருக்கட்டும். கன மழை எச்சரிக்கை வந்தால் ஆள் வைத்துக் குப்பையை அகற்ற வேண்டும். நீர் கரையை மீறும் என்று தெரிந்தால் வலையை அறுத்துவிடத் தயங்கக் கூடாது. 2023இல் தாமிரபரணிக் கரையில் உடைந்த குளங்களைப் பார்த்த பிறகு, மீனைவிடக் கரைக்கே முதலிடம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஐப்பசிக்கு முன் விற்கும் அளவுக்கு வளர்ந்த மீனைப் பாதியாவது பிடித்துவிடுங்கள். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைந்தாலும் அது கையில் இருக்கும் பணம்.

படி 4: கோடையில் ஆக்சிஜனைக் காப்பாற்றுங்கள்

வெயில் ஏறும்போது மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. முதலாவது, சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையக்கூடிய ஆக்சிஜன், 35 டிகிரியில் ஏறத்தாழ 7 மில்லிகிராமாகக் குறைகிறது. இரண்டாவது, அதே சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. மூன்றாவது, அடியில் கிடக்கும் மிச்சத் தீவனமும் உரமாகப் போட்ட சாணமும் வேகமாக அழுகி, இருக்கும் ஆக்சிஜனையும் உண்டுவிடுகின்றன. இவற்றோடு அம்மோனியாவின் நஞ்சும் கூடுகிறது. 30 டிகிரி சூட்டில், பி.எச். 8 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குதான் நஞ்சு வடிவத்தில் இருக்கும். பாசி பெருகி மாலையில் பி.எச். 9க்கு ஏறினால் அது பாதியை நெருங்கிவிடும்.

சென்ற சித்திரையில் ஒரு நாள் மாலை வெயில் தாழ்ந்து, இடி இடித்து, அரை மணி நேரம் குளிர்ந்த மழை பெய்தது. ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்து தூங்கிவிட்டேன். காலை ஐந்து மணிக்குப் போனபோது குட்டை முழுவதும் கட்லாக்கள் வாயைப் பிளந்து மேலே நின்றன. நத்தைகள் கரையோரக் கற்களில் ஏறியிருந்தன. குளிர்ந்த மேல்தண்ணீர் கனத்து அடியில் இறங்க, ஆக்சிஜன் அற்ற அடித்தண்ணீர் மேலே புரண்டு வந்துவிட்டது. கரையில் நின்று கையைத் தட்டினேன். கட்லா கீழே இறங்கவில்லை. தட்டும் சத்தத்துக்கு மீன் மறைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது என்று பொருள். அசையாமல் நின்றால் நிமிடக் கணக்குதான். மோட்டாரைப் போட்டுக் குட்டைத் தண்ணீரையே உறிஞ்சி, குழாய் முனையில் ஓட்டைகள் போட்ட தகரத்தில் மோதவிட்டுத் தூறலாகத் திரும்ப விழச்செய்தேன். கால்வாசி மீன் போனது, மீதி பிழைத்தது. அன்று முதல், கோடை மழை பெய்த இரவில் நான் தூங்குவதில்லை.

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியவை இவை. தண்ணீர் ஆழம் ஐந்து அடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் குட்டையின் ஒரு மூலையிலாவது எட்டடிப் பள்ளம் தோண்டி வையுங்கள், பகல் சூட்டில் மீன் அங்கே ஒதுங்கும். நாளொன்றுக்கு மீன் எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு தீவனம் என்பது சாதாரணக் கணக்கு. தண்ணீர் 33 டிகிரியைத் தாண்டினால் பாதியாக்குங்கள், மேகம் மூடாப்பு போட்ட நாளில் நிறுத்திவிடுங்கள். தீவனத்தை வீசாமல், அடியில் ஓட்டைகள் போட்ட சாக்கில் நிரப்பிக் கம்புகளில் கட்டித் தொங்கவிட்டால் மீன் உறிஞ்சிச் சாப்பிடும். மாலையில் சாக்கைத் தொட்டுப் பார்த்தாலே பசி எவ்வளவு என்று தெரிந்துவிடும், மிச்சம் அடியில் போய் அழுகாது. விடியற்கால ஆக்சிஜன் அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அன்று சாணமும் தீவனமும் கூடாது. காற்றூட்டும் கருவி வைத்திருப்போர் அதைப் பகலில் ஓட்டி மின்சாரத்தை வீணாக்காமல், நள்ளிரவு முதல் சூரியன் ஏறும்வரை ஓட்டுங்கள்.

குஞ்சு விடுவதையும் பிடிப்பதையும் விடியலுக்கே வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சுப் பையைத் தண்ணீரில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்த பிறகே திறக்க வேண்டும். உச்சி வெயிலில் லாரி வந்தால் மாலைவரை நிழலில் நிறுத்தி வைப்பது மேல்.

படி 5: இறால் பண்ணை வைத்திருப்போருக்கு

2009க்குப் பிறகு நாட்டில் பரவிய வனாமி இறால் உவர்ப்புக் குறைவைத் தாங்கும். திடீர் மாற்றத்தைத் தாங்காது. கன மழையில் நல்ல தண்ணீர் மேலேயும் உவர்நீர் அடியிலும் தனித்தனி அடுக்காக நின்றுவிடும். ஆகவே மழை தொடங்கும் முன்பே மதகின் மேல்பலகையை எடுத்து மேல்தண்ணீரை வடியவிடுங்கள், காற்றூட்டியை நிறுத்தாமல் ஓட்டி அடுக்கைக் கலையுங்கள், கரையெங்கும் சுண்ணாம்பு தூவி வையுங்கள், தீவனத்தை நிறுத்துங்கள். தண்ணீர் குளிரும் மாதங்களில் வெண்புள்ளி நோய் வீறுகொள்ளும் என்பதால், கார்த்திகை, மார்கழி வளர்ப்பைத் தவிர்க்க முடிந்தவர்கள் தவிர்க்கலாம். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்யாத பண்ணை சட்டத்துக்குப் புறம்பானது.

படி 6: கடலுக்குப் போகும் முன் எச்சரிக்கையைப் படியுங்கள்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிமுனை அருகே வந்தபோது, முந்தைய நாள்களிலேயே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. காற்றழுத்தத் தாழ்வு ஒரே நாளில் புயலாகக்கூடும் என்பதை அன்று கற்றோம். பல நாள் தங்கும் தொழிலுக்குப் போவோர் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும்வரை காத்திருக்கக் கூடாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றும் 1, 2 எண் கூண்டுகள் தொலைவிலுள்ள ஆபத்தையும், 3, 4 எண்கள் அந்தத் துறைமுகத்தின் அருகிலுள்ள ஆபத்தையும் குறிக்கும். தெற்கு வங்கக் கடலிலோ குமரிக் கடலிலோ தாழ்வு உருவாகும் வாய்ப்பு என்று வானிலை மையம் சொன்ன உடனேயே பயணத்தைச் சுருக்கிக்கொள்வதுதான் முறை. கைபேசி எட்டாத தூரத்துக்கு வி.எச்.எப். வானொலித் தொடர்புக் கருவியும், இருப்பிடம் காட்டும் டிரான்ஸ்பாண்டரும் வேண்டும். ஆபத்தில் கடலோரக் காவல்படையை 1554 எண்ணில் அழைக்கலாம்.

கள்ளக்கடல் வேறு வகை ஆபத்து. பெரும்பாலும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில், இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில், தெற்கே வெகு தொலைவில் கிளம்பிய பேரலை கரையேறிவிடும். வானத்தையும் காற்றையும் பார்த்துக் கணிக்கும் பெரியவர்களின் திறமை இதில் உதவாது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னறிவிப்புத் தருகிறது. அது வந்ததும் வள்ளங்களை மேட்டுக்கு இழுத்து, ஒன்றோடொன்று மோதாத இடைவெளியில் கட்டுங்கள். வலைகளைக் கரையில் விடாதீர்கள். அதே மையம் கடலின் சூட்டையும் பாசியளவையும் கொண்டு மீன் கூடும் இடங்களையும் அறிவிக்கிறது. அதை அப்படியே நம்பி ஓடாமல், உங்கள் நோட்டில் உள்ள பார்களோடும் (கடலடிப் பாறைத் திட்டுகளோடும்) நீவாட்டோடும் ஒப்பிட்டு, எண்ணெய்ச் செலவு கட்டுமா என்று பார்த்துப் போங்கள்.

படி 7: ஒரே மீனை, ஒரே வலையை நம்பாதீர்கள்

சாளையின் (மத்தி மீனின்) கதை இதற்குப் போதும். கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மீன், 2021இல் 3,500 டன்னுக்கும் கீழே போனது. மறுபுறம், முன்பு மேற்குக் கரையின் மீனாகவே இருந்த அது 1990களிலிருந்து நம் கிழக்குக் கரையிலும் பெருகியது. வந்த மீன் போகவும் செய்யும். ஆகவே வள்ளத்துக்குச் சாளை வலையோடு, கணவாய்த் தூண்டிலோ நண்டு வலையோ சூரைக்கான நீண்ட தூண்டிலோ ஒன்று கையில் இருக்கட்டும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கும்போது நாட்டுப்படகுக்குக் கடல் திறந்திருக்கிறது. அந்த மாதங்களில் முட்டை சுமந்த சிங்கி இறாலையும் நண்டையும் திரும்பக் கடலில் விடுவது, அடுத்த ஆண்டு உங்கள் வலைக்கே வரும் வரவு.

மீன் குறையும்போது கெட்டுப்போவதைத் தடுப்பதே பெரிய வருமானம். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி வேண்டும். வெப்பம் புகாத பெட்டியில், பனி, மீன், பனி என்று அடுக்க வேண்டும். கருவாடு போடுபவர்கள் மணலில் பரப்பாமல், இடுப்பளவு உயரப் பரணில் வலை கட்டி உலர்த்தினால், எதிர்பாராத மழைக்குத் தார்ப்பாயை ஒரே இழுப்பில் மூடிவிடலாம்.

படி 8: கரையைக் காக்கும்போது பக்கத்து ஊரையும் பாருங்கள்

கடல் அரிக்கும் ஊர்களெல்லாம் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர், கேட்கின்றன. கேட்பது நியாயமே. ஆனால் ஓர் ஊரில் கல்லைக் கொட்டி மணலைத் தடுத்தால், நீரோட்டத்தின் போக்கில் அடுத்துள்ள ஊருக்கு மணல் வராமல் அங்கே அரிப்பு கூடும். மனு எழுதும்போதே பக்கத்து ஊர்களோடு சேர்ந்து எழுதி, மொத்தக் கரைக்குமான ஆய்வைக் கேளுங்கள். அதற்கிடையில், மேட்டில் அடும்புக்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருந்தால் அவற்றை அழிக்காமல் விடுங்கள். புன்னைக்காயலில், தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் நிற்கும் அலையாத்தி மரங்கள் அலையையும் தடுக்கின்றன, இறால் குஞ்சுகளுக்கும் மடவைக்கும் தொட்டிலாகவும் இருக்கின்றன.

படி 9: காகிதங்களை ஒழுங்குசெய்யுங்கள்

மீனவர் நல வாரியத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் உறுப்பினர் பதிவைப் புதுப்பித்து வையுங்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பத யோஜனா விபத்துக் காப்பீட்டில், தொழிலில் இறந்தாலோ முற்றிலும் முடங்கினாலோ 5 லட்சம் ரூபாய் உண்டு. பெயர் பட்டியலில் இல்லாதவர் குடும்பத்துக்கு அது கிடைக்காது. வளர்ப்போருக்கு, 2024இல் அறிவிக்கப்பட்ட மத்ஸ்ய கிசான் சம்ரிதி திட்டத்தில், 4 ஹெக்டேர் வரையுள்ள பண்ணைகளின் காப்பீட்டுத் தவணைக்கு ஊக்கத்தொகை இருக்கிறது. தேசிய மீன்வள இணையத்தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை மீன் தொழிலுக்கும் உண்டு என்பதை வங்கியில் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

இழப்பீடு கேட்கும்போது இழந்தது எவ்வளவு என்று காட்ட வேண்டும். குஞ்சு வாங்கிய ரசீது, தீவன ரசீது, மாதம் ஒருமுறை மாதிரிக்குப் பிடித்து எடைபோட்ட கணக்கு, தேதியோடு எடுத்த குளத்துப் படங்கள் ஆகியவற்றைக் கைபேசியிலும் வீட்டிலுள்ள வேறொருவர் கைபேசியிலும் சேர்த்து வையுங்கள். நோட்டைக் குளத்தங்கரை மோட்டார் அறையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் வரை எழுதிய ஏழாண்டுக் கணக்கு எனக்கு அங்கேதான் இருந்தது. வெள்ளம் வடிந்து நான் போனபோது மோட்டார் அறையே இல்லை.